அம்மன் பெயரில் ஒரு பக்கம்: கணக்கப்பிள்ளை ஐயாவோடு பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

மூத்த மகள், மதுரை

என் தந்தையார் 2023 புரட்டாசியில், தமது 94-ஆம் வயதில் காலமானார். மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில் 1949 முதல் 51 ஆண்டுகள் கணக்கு எழுதியவர். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவை மறந்து போகக் கூடாது என்பதால் நான் அறிந்ததை முதலில் எழுதுகிறேன். அவரோடு பழகியவர்கள் தாங்கள் கண்டதையும் எழுத வேண்டுகிறேன்.

மண்டியின் அன்றாடக் கணக்கான சிட்டையும், ஆளுக்கொரு பக்கமாக எழுதும் பேரேடும் போக, வீட்டில் அவருக்கென்று சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு ஒன்று இருந்தது. பிள்ளையார் சுழியும் நான்கு மூலைகளிலும் மஞ்சளும் இட்ட அந்த ஏட்டில் பால், வாடகை, எங்கள் பள்ளிச் செலவு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் முன்னால் வரும் முதல் பக்கம் மட்டும் 'மீனாட்சி வகை' என்று இருக்கும். ரூபாய்க்கு ஓர் அணா மகமை, அதாவது தர்மத்துக்கென்று ஒதுக்கும் பங்கு என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கணக்கு. முதல் மாதச் சம்பளம் 45 ரூபாய்க்கு 2 ரூபாய் 13 அணாவை அம்மன் பெயரில் வரவு வைத்திருக்கிறார். அதிலிருந்து யாருக்கு எது கொடுத்தாலும் எதிரே பற்று எழுதுவார். மீதி இருந்தால், தாம் அம்மனுக்குத் தர வேண்டிய பாக்கி என்று அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவார்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு செய்தியைச் சொன்னால் புரியும். சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகம் ஆன நாளிலிருந்து நான்கு மாதம் மீனாட்சியின் ஆட்சி. ஆவணியில் சுவாமிக்குப் பட்டாபிஷேகம் ஆனபின் எட்டு மாதம் சொக்கநாதரின் ஆட்சி. அப்பாவின் ஏட்டிலும் அந்தந்த நாளில், நின்ற இருப்பை 'சொக்கநாதர் வகைக்கு மாற்று', 'மீனாட்சி வகைக்கு மாற்று' என்று ஒரு வரி எழுதி மாற்றியிருப்பார். ஆண்டுக்கு இரண்டு முறை என்று 70 ஆண்டுகளுக்கு மேலாக அந்த வரி ஒரு தடவையும் விடுபடவில்லை என்பதை, அவர் போனபின் நான்தான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன்.

1968-இல் என் திருமணம் நடந்தது. அந்த ஆண்டு வரவு எழுதியிருக்கிறாரே தவிர, எடுத்துக் கொடுக்கக் கையில் பணம் இல்லை. பாக்கி 96 ரூபாயாக ஏறி நின்றது. "அம்மனிடமே கடன் வைக்கலாமா?" என்று அம்மா மனம் பொறுக்காமல் கேட்டபோது, "எழுதி வைத்திருக்கிறேனே, தந்துவிடுவேன்" என்று மட்டும் சொன்னாராம். தந்து முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

இரவு கடை கட்டியதும் நேரே கோயிலுக்குப் போவார். சுவாமியின் திருவடிகள் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளும் பள்ளியறை பூஜையைக் கண்டுவிட்டு, அம்மாவுக்கு இரண்டு முழம் மல்லிகையோடு வீடு திரும்புவார். நாங்கள் தூங்கிப் போயிருந்தால் எழுப்பமாட்டார். காலையில் தலைமாட்டில் ஒரு துளி குங்குமப் பொட்டலம் இருக்கும்.

அவரிடம் வேலை கற்றவர், சிவகாசி

நான் 1971-இல் அந்த மண்டியில் சிட்டை எழுதும் பையனாகச் சேர்ந்தேன். ஐயா கூட்டலை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் போடுவார். மாகாணி (பதினாறில் ஒரு பங்கு) வாய்ப்பாடு அவர் நாக்கு நுனியில் இருந்தது.

சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு வியாபாரி கட்டிய 640 ரூபாயை, அதே தலைப்பெழுத்தும் பெயரும் கொண்ட வேறொருவர் பேரேட்டில் வரவு வைத்துவிட்டேன். அந்த மனிதர் அதைத் தம் கணக்கில் கழித்துக்கொண்டு, ஊரையும் விட்டுப் போய்விட்டார். விஷயம் வெளிப்பட்டபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் ஐயா போய் நின்று, "பக்கத்தின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. சரிபார்த்ததாக ஒப்பமிட்டது நான்" என்று சொல்லி, மாதம் 40 ரூபாயாகத் தம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். 16 மாதம் பிடித்தார்கள்.

அவர் வீட்டு ஏட்டைப் பற்றிப் பின்னாளில் தெரிந்துகொண்டபோது, அந்தப் பணத்தை அம்மன் கணக்கிலிருந்து கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் முகம் சற்றுச் சுருங்கியது. "நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு அவள் பணத்தையா எடுப்பது?" என்றார். நான் இன்று வரி ஆலோசகராக இருக்கிறேன். நாளொன்றுக்கு எத்தனையோ கையெழுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் பேனாவைத் திறக்கும்போது அந்த முகம் நினைவுக்கு வருகிறது.

எனக்கு முந்திய காலத்துச் செய்தி ஒன்று, மூட்டை தூக்குபவர்கள் சொல்லக் கேட்டது. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. 16 அணா 100 பைசாவானதால் ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா ஆகிறது. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அட்டவணைப்படி ஓர் அணாவுக்கு 6 பைசா, இரண்டு அணாவுக்கு 12 பைசா, மூன்று அணாவுக்கு 19 பைசா. கூலியில் மிச்சம் பிடித்து மண்டியில் இருப்பு வைத்திருந்தவர்களின் கணக்குகளை அன்றிரவு மாற்றி எழுதியபோது, ஐயா ஓர் அணாவை 7 என்றும் இரண்டு அணாவை 13 என்றும் எழுதினாராம். முதலாளிக்கு அதனால் நட்டமாக விழுந்த பைசாக்களை மறுநாள் பெட்டியில் தம் கையால் போட்டுவிட்டார். 1989 மார்ச் முதல் எல்லாருக்கும் கணக்காண்டு மார்ச் 31-இல்தான் முடிய வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் மாறியபோதும், வழக்கம் போலச் சித்திரை 1-இல் மஞ்சள் தடவிப் புதுக்கணக்குப் பூஜை போடுவதை அவர் விடவில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியை, மதுரை

என் அத்தா (அப்பா) அந்த மண்டியில் மூட்டை தூக்கினார். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட இருந்த நேரத்தில், கணக்கப்பிள்ளை ஐயா பள்ளிக்கூடச் செலவைக் கொடுத்தார். அத்தா தயங்கி, "நாங்கள் வாங்கலாமா ஐயா, கோயில் பணமாயிற்றே" என்று கேட்டாராம். அதற்கு ஐயா, 1939 ஜூலை 8-இல் விடுதலைப் போராட்ட வீரர் மதுரை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போன நாளில் தமக்குப் பத்து வயது என்றும், அன்றைக்குத் திறந்த கதவை யாருக்காகவும் தம்மால் சாத்த முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். பிட்டுக்கு மண் சுமந்த சொக்கநாதர் கணக்கில், சுமை தூக்குகிறவர் பிள்ளைக்குத்தான் முதல் பங்கு என்றும் சொன்னாராம்.

வேலை கிடைத்த முதல் மாதம், அவர் செலவழித்த தொகையைக் கணக்கிட்டு எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். ஏட்டை எடுத்து என் எதிரிலேயே வரவு எழுதினார். நான் பேனா பிடித்த விதத்தைப் பார்த்தபடி ஓரத்தில் என்னைக் கையெழுத்தும் போடச் சொன்னார். மறு வாரமே அது வேறொரு பிள்ளைக்குப் புத்தகமாகப் போனதாக அத்தா சொன்னார். எனக்குக் கொடுத்தது பெரிதுதான். ஆனால் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாரே, அதுதான் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது.

மூத்த மகள், மதுரை

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு ஏட்டைத் தேடிப் பார்த்தேன். அந்தக் கையெழுத்து இருக்கிறது. மை கொஞ்சம் மங்கியிருக்கிறது.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனபோது, அம்மன் பணம் வைத்திருந்த மஞ்சள் பையில் நான்கு 500 ரூபாய்த் தாள்கள் இருந்தன. 87 வயதில் வங்கி வரிசையில் தாமே நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். தம்பி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனான்.

கடைசிப் பக்கத்தில் எழுத்துகள் நடுங்கியிருக்கின்றன. கூட்டலில் பிழை இல்லை. 'சொக்கநாதர் வகை, மேல் கொண்டுபோக வேண்டியது ரூ. 212.50' என்று நிற்கிறது. அதை உண்டியலில் போட்டுக் கணக்கை முடித்துவிடலாம் என்று ஒரு தங்கை சொன்னாள். தம்பி ஒப்பவில்லை. அவன் அந்த மாத ஓய்வூதியத்தில் ரூபாய்க்கு ஆறேகால் பைசா கணக்கிட்டு, அப்பா விட்ட வரிக்கு நேர் கீழே வரவு வைத்தான். ஏடு இப்போது என்னிடம் இருக்கிறது. 2024 சித்திரையில் அம்மனுக்குப் பட்டாபிஷேகம் ஆன இரவு, பள்ளியறை பூஜை பார்த்துவிட்டு வந்து, 'மீனாட்சி வகைக்கு மாற்று' என்று முதல் தடவையாக என் கையால் எழுதினேன். மேலிருந்து ஒரு முறையும் கீழிருந்து ஒரு முறையும் கூட்டிப் பார்த்தேன்.