அடுக்கு இறுக்கமும் பதிவக ஏற்பும்: கொள்கலன் படிமங்களுக்கான சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கொள்கலன் படிமம் என்பது ஒரு செயலியையும் அது ஓடத் தேவையான கோப்புகளையும் அடுக்கடுக்காகக் கட்டிய பொதி; பதிவகம் என்பது அத்தகைய படிமங்களைச் சேமித்து வழங்கும் சேவை. இவற்றைப் பற்றிய கையேட்டுக்காக ரோஸ்ஹில் நண்பர் லேயர் கம்ப்ரெஷனுக்கு 'அடுக்குச் சுருக்கம்', ரெஜிஸ்ட்ரி கம்பாட்டிபிலிட்டிக்குப் 'பதிவக ஒத்திசைவு' என்ற இரு சொற்களை முன்மொழிந்திருந்தார். அவற்றில் எனக்குள்ள தயக்கம், படிமங்கள் இயங்கும் முறையைப் பார்க்கும்போது எழுவது.

சுருக்கம் என்றால் கதைச் சுருக்கம், உரைச் சுருக்கம் போல எதையோ விட்டுவிட்டு எழுதியது என்றே நம்மவர் பொருள்கொள்வர். அடுக்குகளைச் சிறிதாக்கும் ஜிசிப், இசட்எஸ்டிடி என்ற முறைகளோ ஒரு பைட்டைக்கூட விடுவதில்லை. சிலர் 'அமுக்கம்' என்று எழுதுகின்றனர். ஆனால் தமிழ்நாட்டு நூல்கள் அழுத்தம் என்று எழுதுவதையே இலங்கைப் பாடநூல்கள் அமுக்கம் என்கின்றன. இரு நாட்டு நூல்களையும் புரட்டும் மொரீசியஸ்காரர்களான நமக்கு அது குழப்பமே தரும்.

ஆகவே 'இறுக்கம்' என்பதே என் முன்மொழிவு. கரும்புக் கட்டை இறுக்கிக் கட்டினால் இடம் குறையுமே தவிர ஒரு கழியும் குறையாது. இறுக்கு, இறுக்கிய அடுக்கு என்று வினையும் எச்சமும் இயல்பாக அமைகின்றன. தளர்த்து, தளர்த்திய அடுக்கு என்று எதிர்ச்சொல்லும் கிடைக்கிறது. 'மன இறுக்கம்' நினைவுக்கு வருமே என்பார்க்கு, அடுக்கு என்ற முன்னொட்டே போதிய விளக்கம்.

எதிர்ச்சொல்லை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓர் அடுக்குக்கு இரண்டு ஷா-256 ஹாஷ்கள் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் அடையாள எண்கள்) உள்ளன. படிமத்தின் அமைவுக் கோப்பில் இருப்பது தளர்த்திய டார் கோப்பின் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது) ஹாஷ். சரக்குப்பட்டியலில், அதாவது படிமத்தின் அடுக்குகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்டில், இருப்பது இறுக்கிய அடுக்கின் ஹாஷ். (மேனிஃபெஸ்டுக்குப் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்கும் பொருந்தும் சரக்குப்பட்டியல் இருக்க, புதுச்சொல் எதற்கு?) அதே டார் கோப்பை ஜிசிப்பிலிருந்து இசட்எஸ்டிடிக்கு மாற்றினால் முதல் ஹாஷ் மாறாது, இரண்டாவது மாறும், அதனால் சரக்குப்பட்டியலின் ஹாஷும் மாறும். ஜிசிப்பிலேயே இரு வேறு செயலாக்கங்களைக் கொண்டு இறுக்கினாலும் பைட்டுகள் வேறுபடலாம். படிமத்துக்கு இடும் கையொப்பம் பெரும்பாலும் சரக்குப்பட்டியலின் ஹாஷையே சுட்டுவதால், உள்ளடக்கம் எள்ளளவும் மாறாமலே பழைய கையொப்பம் புதிய படிமத்துக்குச் செல்லாததாகிவிடும். இதைத் தமிழில் விளக்க முயல்பவர் 'சுருக்கப்பட்டது, சுருக்கப்படாதது' என்று எழுதி வாசகரைத் திணறடிக்க நேரும்.

அடுத்து ஒத்திசைவு. பதிவகம் அடுக்கைத் தளர்த்திப் பார்க்க வேண்டியதில்லை. வந்த பைட்டுகளை ஹாஷோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்கிறது, கேட்டவருக்கு அப்படியே தருகிறது. அது மறுப்பதென்றால் பெரும்பாலும் சரக்குப்பட்டியலில் எழுதிய ஊடகவகை (அடுக்கின் வடிவத்தைச் சொல்லும் பெயர்) அதற்குத் தெரியாததால்தான். கொள்கலன்களுக்கான பொதுத்தரத்தை வகுக்கும் ஓசிஐ அமைப்பு 2017இல் வெளியிட்ட படிம விவரக்குறிப்பு 1.0, வெறும் டாரையும் ஜிசிப் டாரையும் வரையறுத்தது. 2024இல் வந்த 1.1இல் இசட்எஸ்டிடியும் உண்டு. கொள்கலன் மென்பொருளான டாக்கரின் பழைய இரண்டாம் வடிவச் சரக்குப்பட்டியலில் இசட்எஸ்டிடிக்கு இடமே இல்லை.

பதிவகம் ஏற்றுக்கொண்டாலும், படிமத்தை இழுக்கும் இயந்திரத்தில் பழைய இயக்கி (கொள்கலனை ஓட்டும் மென்பொருள்) இருந்தால் படிமம் அங்கே விரியாது. டாக்கர் எஞ்சினுக்கு இசட்எஸ்டிடி அடுக்குகளைத் தளர்த்தும் திறன் 2023இல் வந்த 23.0 பதிப்பில்தான் சேர்ந்தது. எபெனில் உள்ள ஒரு குழு புதிய கட்டுமானத்தைப் பதிவகத்தில் ஏற்றிவிட்டு 'எல்லாம் ஒத்திசைகிறது' என்று எழுதினால், அது ஏற்றத்தைப் பற்றிய செய்தியா, பழைய சேவையகங்களில் படிமம் ஓடும் என்ற உறுதியா? ஆகவே பதிவகத்துக்கு 'ஏற்பு', இயக்கிக்குத் 'தளர்த்துதிறன்' என இரண்டாகப் பிரித்தெழுத வேண்டுகிறேன்.

எஞ்சியது ஆர்ட்டிஃபாக்ட், அதாவது படிமம், கையொப்பம் என்று பதிவகத்தில் வைப்பவற்றுக்கெல்லாம் வழங்கும் பொதுப்பெயர். தொல்பொருளும் கலைப்பொருளும் ஆகா. இத்தீவில் 'விளைபொருள்' என்றால் கரும்பும் காய்கறியும். பதிவகத்தில் வைக்கப்படுவது என்பதே இவற்றுக்குப் பொதுவான தன்மை என்பதால், 'வைப்புப்பொருள்' எனலாம் என்று நினைக்கிறேன். வேறு சொல் தோன்றினால், அது கையொப்பத்தையும், செயலிகளை நிறுவ உதவும் ஹெல்ம் பொதியையும் ஒருங்கே தாங்குகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.