மண்டபம் கடற்கரை மணலின் கணினிக் கணக்கு 14-ஆம் சுமைப் படியில் நிற்கிறது, உதவி தேவை

எம்.டெக் ப்ராஜெக்டில் மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மண்டபம் கடற்கரை மணலை 60 மி.மீ. ஷியர் பாக்ஸில் (மேல், கீழ் பாதிகளை எதிரெதிராக நகர்த்தி மண்ணை நழுவ வைக்கும் பெட்டி) சோதித்தேன். சிப்பித் துகள் நிறைய; பெட்டியின் இரு பாதிகளுக்கு நடுவே மாட்டி நறநறவென்று அரைபடும். உராய்வுக் கோணம் 34 டிகிரி, விரிவுக் கோணம் (நழுவும்போது மணல் எவ்வளவு உப்பும் என்பதன் அளவு) 6, ஒட்டுத்தன்மை (துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது) பூஜ்யம்.

கணினி மாதிரி ட்ரக்கர்-ப்ரேகர் (மண் எந்தத் தகைவில் நழுவத் தொடங்கும் என்று சொல்லும் கூம்பு வடிவ விதி), நானே பைத்தானில் எழுதியது. முதலில் ஹால்ஃபென், நுயென் இருவரும் 1975-இல் சொன்ன வழி: விரயச் சார்பு (உராய்வில் வீணாகும் ஆற்றலைத் தரும் சார்பு) குவிந்ததாக இருந்து, மீளாத் திரிபு யீல்டு பரப்புக்கு (நழுவல் தொடங்கும் எல்லைக்கு) செங்குத்தாகப் போனால் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி தானாகவே காப்பாற்றப்படும். அழகான ஏற்பாடுதான். ஆனால் செங்குத்து என்றாலே விரிவுக் கோணமும் 34 ஆகிவிடுகிறது. மணல் இட்லி மாவு மாதிரி பொங்குகிறது, விரயமோ பூஜ்யம். உராயும் மணலில் விரயமே இல்லையாம்!

சரி என்று, செங்குத்தை விட்டுவிட்டு, சோதனையில் வந்த 6 டிகிரியை விரிவுக் கோணமாகப் போட்டால் விரயம் நேர்மறையாக வருகிறது. ஆனால் 14-ஆம் படியில் நியூட்டன் முறை (திரும்பத் திரும்பத் திருத்தி விடையை நெருங்கும் வழி) இரண்டு மதிப்புகளுக்கு நடுவே ஊசலாடுகிறது. சுமைப் படியைப் பாதியாக்கினேன், லைன் சர்ச் (ஒவ்வொரு திருத்தத்தின் அளவையும் கட்டுப்படுத்தும் வழி) சேர்த்தேன், சமச்சீரற்ற அணிக்கான சால்வரும் மாற்றியாயிற்று. அப்புறம் யீல்டு கூம்பின் முனையில் வரும் கணக்கையும் கையால் சரிபார்த்தேன்.

டி சாக்ஸேயின் பைபொட்டென்ஷியல் முறையை (தகைவையும் திரிபு வேகத்தையும் ஒரே சார்பில் சேர்த்து, செங்குத்தாகப் போகாத பொருளையும் கையாளும் வழி) ஒட்டுத்தன்மையற்ற மணலுக்கு ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்தால், அதில் இந்த ஊசலாட்டம் நின்றதா என்று சொல்ல முடியுமா?