காளான் வெங்காய சூப்: பால் ஊத்தினா திரியுது, நிறமும் சாம்பலா வருது. வழி சொல்லுங்க

காரிமங்கலம் மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமியாருக்குக் கீழ்வரிசையில பல்லு எடுத்திருக்காங்க. களியும் ரசஞ்சோறும்தான் இறங்குது. காரக் குழம்பு வாயில வெச்சாலே எரியுதுங்கறாங்க. போன மாசம் ஒரு வரவேற்புல கெட்டியா, வெள்ளையா காளான் சூப் குடிச்சாங்க. "இந்த மாதிரி வீட்ல செய்யத் தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டாங்க. அதான் இப்ப செஞ்சு குடுக்கலாம்னு இறங்கினேன், சரியா வர மாட்டேங்குது.

நான் செஞ்சது இதுதான்: பால் காளான் ஒரு பாக்கெட், பெரிய வெங்காயம் ரெண்டு, பூண்டு நாலு பல்லு, ருசிக்கு ஒரு தக்காளி. இரும்புச் சட்டியில எண்ணெய் விட்டு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வதக்கி, தண்ணி ஊத்தி வேகவெச்சு மிக்ஸியில அடிச்சேன். திரும்ப அடுப்புல ஏத்தி, நல்லா கொதிக்கறப்ப ஃபிரிட்ஜ்ல இருந்த பாலை ஊத்தினேன். கண்ணு முன்னாடியே குருணை குருணையா திரிஞ்சு, தண்ணி தனியா நின்னுது. நிறம் சாம்பல். லேசாக் கசப்பு வேற. எங்க தப்புதுன்னு யாராவது சொல்லுங்க.

ஊத்தங்கரை பொண்ணு:
பால் பழசா இருக்கும்க்கா. ஒரு தடவை தனியாக் காய்ச்சிப் பாருங்க, அப்பவும் திரிஞ்சா பால்லதான் கோளாறு.

காரிமங்கலம் மருமகள்:
அதே பால்லதான் அரை மணி நேரம் முன்னாடி டீ போட்டேன்மா. ஒண்ணும் ஆகல.

ஓசூர் சமையல்காரர்:
அப்ப பால் நல்ல பால்தாங்க. திரிச்சு விட்டது தக்காளி. பன்னீர் எடுக்க கொதிக்கிற பால்ல எலுமிச்சைச் சாறு விடுவோம் இல்ல, நீங்க புளிப்புக் கொதியில பாலை விட்டிருக்கீங்க. பாலோட பி.எச். (புளிப்பைக் காட்டுற எண், குறையக் குறையப் புளிப்பு ஜாஸ்தி) 6.6 பக்கம் இருக்கும். அது 4.6க்கு இறங்கினா ஆறின பால்கூடத் திரிஞ்சிடும். கொதிக்கிற சூட்டுல அவ்வளவு தூரம் இறங்கவே வேண்டாம், கொஞ்சம் புளிப்பே போதும். இந்த சூப்புக்குத் தக்காளி வேண்டவே வேண்டாங்க. ருசி காளானையும் வெங்காயத்தையும் வதக்கறதுலதான் வருது.

இன்னொரு காரணமும் இருக்கு. உங்க சூப்புல மாவு எதுவும் இல்ல. மைதாவோ வேற மாவோ வெந்து கலந்திருந்தா அது பாலோட புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காமத் தடுக்கும். ஓட்டல் சூப் அடுப்புலயே நின்னும் திரியாததுக்கு அதான் காரணம். கிரீம் போட்டாலும் சுலபத்துல திரியாது, அதுல கொழுப்பு ஜாஸ்தி, புரதம் கம்மி. கடையில பாக்கெட்டா வர்ற ஃபிரெஷ் கிரீம்ல 25 சதவீதம் கொழுப்பு. பால்தான் ஊத்தப் போறீங்கன்னா ஆவின் பச்சை பாக்கெட் (4.5 சதவீதம்) இல்ல ஆரஞ்சு பாக்கெட் (6 சதவீதம்) எடுங்க. தண்ணிப் பால்ல அந்த வழவழப்பு வராது.

கசப்பு எதனாலன்னா, வெங்காயம் ஓரம் கருகியிருக்கும், இல்ல பூண்டு தீஞ்சிருக்கும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டீங்கன்னா காளான் தண்ணி விட்டு, வெங்காயம் வதங்காம வெந்துடும். தண்ணி சுண்டினதும் தீயைக் கூட்டுவோம், அப்ப பூண்டு முதல்ல கருகும். அதனால தனித்தனியா வதக்குங்க.

வெங்காயத்தை மெலிசா அரிஞ்சு, ரெண்டு டேபிள் ஸ்பூன் வெண்ணெய்ல ஒரு சிட்டிகை உப்போட போட்டு மூடி, சிம்ல 20 நிமிஷம் விடுங்க. அப்பப்பக் கிளறி விடணும், நிறம் மாறக் கூடாது. ஒரு துண்டை விரல்ல எடுத்து நசுக்கினா எதிர்ப்பே இல்லாம நசுங்கணும். பூண்டைக் கடைசி ரெண்டு நிமிஷத்துல போடுங்க.

காளானுக்கு வேற அகலமான சட்டி. கொஞ்சமா எண்ணெய், நல்ல தீ. முதல்ல சட்டி நிறைய தண்ணி விடும், பயப்படாதீங்க, காளான்ல பத்துல ஒன்பது பங்கு தண்ணிதான். கிளறாம விட்டீங்கன்னா தண்ணி கொதிக்கிற சத்தம் அடங்கி, சடசடன்னு பொரியிற சத்தம் வரும். அதுக்கப்புறம்தான் காளான் ஓரம் பொன்னிறமா ஆகும். அந்தப் பொன்னிறம் வந்தாத்தான் சூப்புக்கு வாசனை.

அப்புறம் வெங்காயம் இருக்கிற சட்டியில ரெண்டு டேபிள் ஸ்பூன் மைதாவைத் தூவி, பச்சை வாசனை போற வரைக்கும் ரெண்டு மூணு நிமிஷம் கிளறுங்க. ரெண்டு டம்ளர் தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்திக் கலக்கி, காளானையும் போட்டு 10 நிமிஷம் கொதிக்க விடுங்க. ஆறினதும் மிக்ஸியில அடிங்க. சூடா அடிச்சா ஆவி மூடியைத் தூக்கி எறிஞ்சிடும், கையில பட்டா வெந்துடும்.

பால் சேர்க்கிறது கடைசி வேலை. அரைச்ச விழுதை சூடு பண்ணி அடுப்பை அணைச்சிடுங்க. ஒரு டம்ளர் பாலை வேற பாத்திரத்துல வெதுவெதுப்பாக்கி, அதுல சூப்பை ஒரு கரண்டி, இன்னொரு கரண்டின்னு விட்டுக் கலக்குங்க. அந்தக் கலவையைத் திருப்பி சூப்புல ஊத்துங்க. அதுக்கப்புறம் கொதிக்க விடாதீங்க.

காரிமங்கலம் மருமகள்:
ரொம்ப நன்றிண்ணா, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. நிறத்துக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலியே? காளான் வெள்ளையாத்தான் இருந்துது, வெங்காயமும் வெள்ளை.

பென்னாகரம் காளான்காரன்:
அதை நான் சொல்றேன் அக்கா, நான் பால் காளான் வளர்க்கிறவன். மொட்டுக் காளான்னா குடை விரிஞ்சு அடிச்செவுள் (குடைக்கு அடியில இருக்கிற மடிப்பு) பழுப்பாயிருந்தா சூப் கருக்கும். பால் காளானுக்கு அடிச்செவுளும் வெள்ளைதான். அதனால உங்க சாம்பல் நிறம் காளான்ல இருந்து வரல, இரும்புச் சட்டியில இருந்து வந்தது. காளான்ல இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்போட சேர்ந்தா கருக்கும். தக்காளிப் புளிப்பு சட்டியில இருந்து இரும்பை இன்னும் கரைச்சு விட்டிருக்கும். இந்த சூப்புக்கு அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் எடுங்க.

காளானைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். பால் காளான்ல ஏ.பி.கே. 2ங்கற ரகத்தை 1998ல கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டுது. மொட்டுக் காளானுக்குக் குளிர் வேணும். இது 30, 35 டிகிரியிலயும் வளரும். நம்ம தர்மபுரி வெயிலுக்கு இதுதான் தாங்கும். ஆனா காம்பு கெட்டி, நார் நீளவாக்குல ஓடும். அடியில மண்ணு ஒட்டின பாகத்தை வெட்டிப் போட்டுட்டு, மீதிக் காம்பைக் குறுக்கே மெலிசா வட்டமா நறுக்குங்க. நீளமா நறுக்கினா எவ்வளவு அடிச்சாலும் நாக்குல நார் தட்டும். பல்லு எடுத்தவங்களுக்கு அது சங்கடம். மஞ்சத்தண்ணியில ஊறப்போடுற பழக்கம் இருந்தா இந்தத் தடவை விடுங்க, சூப் மஞ்சளாயிடும். ஓடுற தண்ணியில சட்டுனு அலசி, துணியில ஒத்தி எடுத்தாப் போதும்.

இன்னொண்ணு. நிறைய நேரம் வெந்தா காளான் கொழஞ்சிடும்னு பயந்து பாதியில இறக்கிடாதீங்க. காளான் செல்லோட சுவர்ல கைட்டின்னு ஒண்ணு இருக்கு, அது சூட்டுல கரையாது. காய்கறி கொழையுற மாதிரி காளான் கொழையாது.

அரூர் அத்தை:
மைதா எதுக்குக் கண்ணு? வயசானவங்க வயித்துக்கு அது மந்தம். எங்க வீட்ல சாமைதான். சித்தேரி மலைச் சாமை கிடைச்சா ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி, காளான் வேகற தண்ணியிலயே போட்டுக் கொழைய விடு. அதோட சேர்த்து மிக்ஸியில அடிச்சா மைதா இல்லாமலே கெட்டியா நிக்கும், கட்டியும் தட்டாது. வெங்காயம் சின்ன வெங்காயமாப் போடு, இனிப்பு தூக்கலா இருக்கும். உரிக்கிறதுக்குத்தான் நேரம் பிடிக்கும்.

ஓசூர் சமையல்காரர்:
அத்தை சொல்ற சாமை நல்ல யோசனைங்க. அதுலயும் மாவுச்சத்துதான், திரியாமக் காக்கிற வேலையை அதுவும் செய்யும். ஆற ஆற மைதாவை விடக் கெட்டியாகும், குடிக்கும்போது கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கணும். ராகி மாவு மட்டும் வேண்டாம், காளான் வாசனையை அமுக்கி நிறத்தையும் மாத்திடும். சின்ன வெங்காயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. அதோட காட்டம் வெண்ணெயையும் பாலையும் மீறிக்கிட்டு வரும். பெரிய வெங்காயத்தைப் பொறுமையா வதக்கினாலே அந்த இனிப்பு வந்துடும்.

அரூர் அத்தை:
உங்க கை உங்களுக்கு, எங்க கை எங்களுக்கு. என் மருமகன் வந்தா சின்ன வெங்காயத்துல வெச்சதுதான் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

காரிமங்கலம் மருமகள்:
சாமை போட்டே செஞ்சுட்டேன் அத்தை, வெங்காயம் மட்டும் பெருசு. திரியவே இல்ல! பால் ஊத்தினப்ப கை நடுங்குச்சு, ஆனா அப்படியே கலந்துடுச்சு. நிறம் வெள்ளையோ வெள்ளைன்னு சொல்ல முடியாது, லேசான சந்தன நிறம். பார்க்கவே நல்லாருக்கு. ரெண்டு குறைதான். ருசி சப்புன்னு இருக்கு. நாக்குல கொஞ்சம் சொரசொரப்பும் தெரியுது.

ஓசூர் சமையல்காரர்:
சந்தன நிறம்தாங்க சரியான நிறம், காளான் பொன்னிறமாச்சுன்னு அர்த்தம்.

சொரசொரப்புக்கு: சாமை இன்னும் கொஞ்சம் வெந்திருக்கணும். இப்ப இருக்கிறதை மாவு சலிக்கிற சல்லடையில ஊத்தி, கரண்டியால தேச்சு வடிகட்டுங்க. மேல நிக்கிறதை எறியாதீங்க, நாளைக்குப் பொரியல்ல போட்டுக்கலாம்.

சப்புன்னு இருக்கிறதுக்கு: பாலும் வெண்ணெயும் உப்பைத் தெரியாமப் பண்ணிடும். அதனால பால் ஊத்தினதுக்கு அப்புறம் ஒரு தடவை ருசி பார்த்து உப்பு போடுங்க. காளான் வதக்கின சட்டியில அடியில பழுப்பா ஒட்டியிருக்குமே, அதைக் கழுவிட்டீங்களா?

காரிமங்கலம் மருமகள்:
ஆமாண்ணா, தேய்க்கப் போட்டுட்டேன்.

ஓசூர் சமையல்காரர்:
ருசி எல்லாம் அங்கதான் இருந்துதுங்க. அடுத்த தடவை சட்டி சூடா இருக்கும்போதே அரை டம்ளர் தண்ணி ஊத்தி, மரக்கரண்டியால சுரண்டி, அந்தத் தண்ணியையே சூப்புல சேருங்க. தீஞ்சு கருத்திருந்தா மட்டும் வேண்டாம். ஜாதிக்காய் வீட்ல இருந்தா கத்தி நுனியில எடுக்கிற அளவு துருவிப் போடுங்க. பிரெஞ்சு சமையல்ல வெள்ளை சாஸுக்கு அதைத்தான் சேர்ப்பாங்க. அளவு கூடினா மருந்து வாசனை வந்துடும்.

ஊத்தங்கரை பொண்ணு:
அக்கா, மாமியாருக்குக் குடுக்கும்போது மிளகுத்தூளை விட்டுடுங்க, புண்ணுல பட்டா எரியும். சூடா வேண்டாம், வெதுவெதுப்பா இருக்கட்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச விடாதீங்க. பல்லு எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடியிருக்கும், உறிஞ்சினா அது பேந்துக்கும், வலி தாங்க முடியாது. ஸ்பூன்ல குடுங்க. எதுக்கும் பல் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

காரிமங்கலம் மருமகள்:
நல்லவேளை சொன்னே, ஸ்ட்ரா வாங்கி வெச்சிருந்தேன். இன்னொரு கேள்வி. மழை பெஞ்சு எங்க மாந்தோப்பு வரப்புல காளான் முளைச்சிருக்கு, வெள்ளைதான். கொழுந்தனார் அதைப் பறிச்சாந்து சூப்பு வைங்கறார். பூண்டோட வேகவெச்சு, பூண்டு கருக்கலன்னா நல்ல காளான்னு சொல்றார்.

பென்னாகரம் காளான்காரன்:
வேண்டவே வேண்டாம் அக்கா, தயவுபண்ணிக் கேளுங்க. பூண்டு கருக்கிறது, வெள்ளிக்காசு கருக்கிறது, மஞ்சள் நிறம் மாறுறது எதுவுமே விஷத்தைக் காட்டாது. பூச்சி தின்னுருக்கே, நல்லதுதான்னு நினைக்கிறதும் தப்பு. சில விஷக் காளான் வெள்ளையா, ருசியாவே இருக்கும். வேகவெச்சாலும் அந்த விஷம் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரம், அதுக்கும் மேல ஒண்ணுமே தெரியாது. அப்புறம்தான் வாந்தி, பேதி. அதுக்குள்ள கல்லீரல்ல இறங்கியிருக்கும். புத்துக் காளானை வருஷா வருஷம் அதே இடத்துல பறிச்சு, பார்த்ததும் அடையாளம் சொல்ற பெரியவங்க இருக்காங்க. அவங்களே சந்தேகம் வந்தா தொட மாட்டாங்க. யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தா, வாந்தி வரட்டும்னு காத்திருக்காம மிச்சக் காளானையும் கையோட எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

காரிமங்கலம் மருமகள்:
யாரும் சாப்பிடல தம்பி. நீ எழுதினதை அப்படியே கொழுந்தனார்கிட்ட படிச்சுக் காட்டிட்டேன், அந்தப் பேச்சை விட்டுட்டார். கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். மாமியாருக்கு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர்தான் இறங்குது. மிச்சத்தை ஃபிரிட்ஜ்ல வெக்கலாமா? சூடு பண்ணினா திரும்பத் திரியுமோன்னு பயமா இருக்கு.

ஓசூர் சமையல்காரர்:
பால் சேர்க்காத விழுதா வெச்சுக்கோங்க. நல்லா ஆறினதும் மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவுல ஊத்தி வெச்சா ஃபிரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்கும். வேணும்போது அரை டம்ளர் விழுதை மட்டும் எடுத்து நல்லா கொதிக்க வெச்சு, அடுப்பை அணைச்சுட்டு, கால் டம்ளர் காய்ச்சின பாலை முன்ன சொன்ன மாதிரிக் கலந்து குடுங்க. பால் கலந்தது மிச்சமானா அன்னைக்கே முடிச்சிடணும். அதைச் சூடு பண்ணணும்னா சிம்ல வெச்சுக் கைவிடாமக் கிளறி, ஓரத்துல ஆவி வந்ததும் இறக்கிடுங்க.