கேப்ஷன் டூல்ல தமிழ் மட்டும் பாதில அறுந்து போகுது, அவசரம்

நடுநிசி_நாரை:
வணக்கம் மக்களே, போஸ்ட்ல இருக்கிற படத்துக்கெல்லாம் தானா கேப்ஷன் எழுதுற கமாண்ட் லைன் டூல் ஒண்ணு செட் பண்ணிட்டிருக்கேன், இங்கிலீஷ்ல முழுசா வருது, கான்ஃபிக்ல மொழியை தமிழ்னு மாத்தினா கொஞ்சம் வந்துட்டு டப்புனு நின்னுடுது, சில சமயம் கடைசில கருப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி வேற. ரீஇன்ஸ்டால் பண்ணி பாத்தாச்சு. ராத்திரிக்குள்ள போஸ்ட் போடணும், யாராச்சும் சொல்லுங்க.

குறுக்குக்கோடு:
எந்த டூல், எந்த ஓஎஸ், மாடல் உங்க மெஷின்லயே ஓடுதா இல்ல ஏபிஐ வழியா வெளி சர்வர்லயா?

ஓட்டைக்குடை:
கான்ஃபிக், அந்த செட்டிங்ஸ் எழுதுற ஃபைல், யாம்ல் ஃபார்மேட் தானே பாஸ்? எங்கயோ டேப் அடிச்சிருப்பீங்க. யாம்ல்ல இன்டென்ட்டுக்கு ஸ்பேஸ் மட்டும்தான், டேப் ஆகவே ஆகாது. இங்க வர்ற பாதி பிரச்சனை அதான்.

பழைய_பெங்குவின்:
டேப் இருந்தா ஃபைல் பார்ஸே ஆகாது, எரர் அடிச்சு நின்னுடும், பாதி கேப்ஷன் எப்படி வரும்? கொஞ்சம் யோசிச்சுட்டு எழுதலாம். நாரை, லாக் ஒட்டாம, கமாண்ட் ஒட்டாம கேட்டா நாங்க என்ன சோழி உருட்டியா பாக்கிறது? இது டோக்கன் லிமிட், மாடல் டெக்ஸ்டை துண்டு துண்டாத்தான் எழுதும், அந்த துண்டுதான் டோக்கன். ஒரே வாக்கியத்துக்கு தமிழ்ல இங்கிலீஷை விட நிறைய டோக்கன் செலவாகும், பல வருஷமா இங்க சொல்லிட்டிருக்கேன். லிமிட்டை ஏத்துங்க. முடிஞ்சுது.

நடுநிசி_நாரை:
உபுண்டு, மாடல் ஒல்லாமாங்கிற சாஃப்ட்வேர்ல என் மெஷின்லயே லோக்கலா ஓடுது. டூல் கிட்ஹப்ல எடுத்த பைத்தான் ஸ்கிரிப்ட், எழுதினவர் அப்படியே விட்டுட்டார், நான்தான் அங்கங்க ஒட்டு போட்டு ஓட்டுறேன். டோக்கன் லிமிட்டை வைக்கிற நம்_ப்ரெடிக்ட் 60 இருந்ததை 400 ஆக்கிட்டேன், அப்பவும் கிட்டத்தட்ட அதே நீளத்துலதான் நிக்குது.

வால்நட்சத்திரம்:
நேரம் வச்சு தானா ஓட்டுற க்ரான்ல ஓட்டுறீங்களா ப்ரோ? க்ரான் உங்க டெர்மினல் செட்டிங்ஸ் இருக்கிற பாஷ்ஆர்சியை படிக்காது, மொழியை சொல்ற லாங் செட்டிங் இல்லாம, இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரிஞ்ச சி லொகேல்ல ஓடலாம், தமிழ் கந்தலாகலாம். க்ரானோட ஃபைலான க்ரான்டேப் மேலயே லாங் வேரியபிளை, தமிழையும் சேமிக்கிற எழுத்து முறையான யூடிஎஃப்-8னு போட்டு பாருங்க.

நடுநிசி_நாரை:
இல்லங்க, கையாலதான் ஓட்டுறேன்.

வால்நட்சத்திரம்:
இருந்தாலும் லொகேல்தான்னு தோணுது.

கயல்விழி_2:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், இதை கேப்ஷனா போடுறீங்களா ஆல்ட் டெக்ஸ்ட்டாவா? ரெண்டையும் ஒரே வரில முடிக்கிற டூலா இருந்தா தயவுசெஞ்சு வேண்டாம். கேப்ஷன், அதாவது ஃபிக்கேப்ஷன், எல்லார் கண்ணுக்கும் தெரியிறது, ஆல்ட் படத்தை பாக்க முடியாதவங்களுக்கு ஸ்கிரீன் ரீடர் படிச்சு காட்டுறது. ஒரே வரியை ரெண்டுலயும் போட்டா அவங்க அதையே ரெண்டு தடவை கேக்கணும்.

ஓட்டைக்குடை:
ஒண்ணுமே இல்லாததுக்கு ஏதோ ஒண்ணு இருக்கே, அது போதாதா?

கயல்விழி_2:
போதாது. இந்த மாதிரி மாடல் எதை காட்டினாலும் "இயற்கை எழில் கொஞ்சும் காட்சி"ன்னுதான் ஆரம்பிக்குது. டெர்மினல் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அப்படி எழுதினதை நானே பாத்திருக்கேன். அழகுக்கு மட்டும் வைக்கிற படம்னா ஆல்ட்டை காலியா விடுறதுதான் முறை, அப்ப ரீடர் தாண்டி போயிடும். தப்பா எழுதுறதுக்கு அது எவ்வளவோ மேல்.

பழைய_பெங்குவின்:
அம்மணி, இழை தலைப்பு என்ன, நீங்க பேசுறது என்ன.

கயல்விழி_2:
தலைப்பை படிச்சேன் சார். நீங்க சொன்ன டோக்கன் லிமிட்டை ஏத்தியும் பாதில அறுந்து போறது தீரலையாம், அதை நீங்க படிச்சீங்களா?

குறுக்குக்கோடு:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் இருங்க. நாரை, ஒல்லாமா தர்ற ஜேசன் பதில்ல டன்_ரீசன்னு ஒரு ஃபீல்டு இருக்கும், அதுல லெங்த்னு இருந்தா லிமிட்ல முட்டிருக்கு, ஸ்டாப்னு இருந்தா மாடல் எழுதி முடிச்சாச்சு, வெட்டுறது வேற யாரோ. அப்புறம் நீங்க அடிக்கிற கமாண்டை ஒண்ணு விடாம, பைப் உட்பட, அப்படியே ஒட்டுங்க.

நடுநிசி_நாரை:
ஸ்டாப்னுதான் இருக்கு. கமாண்ட்ல விசேஷமா ஒண்ணும் இல்ல, ஸ்கிரிப்டை ஓட்டி, வர்றதை முதல் 160-ஓட வெட்டுற ஹெட் மைனஸ் சி 160-க்கு பைப் பண்ணி ஃபைல்ல சேக்குறேன், கேப்ஷன் நீளமா போயிடக்கூடாதுன்னு ஆரம்பத்துலேர்ந்தே இருக்கிறது, இங்கிலீஷுக்கு நல்லாத்தானே ஓடுது.

குறுக்குக்கோடு:
ஆள் கிடைச்சாச்சு. ஹெட்ல மைனஸ் சி எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். இங்கிலீஷ்ல ஒரு எழுத்து ஒரு பைட், 160 தாராளம். யூடிஎஃப்-8ல "க" 3 பைட், "கி"ன்னா மேல வர்ற குறி தனி, அதுக்கு இன்னொரு 3, மொத்தம் 6. "கௌ"வும் அப்படித்தான், 6. ஆக 160 பைட்ல முப்பது சொச்சம் எழுத்து வந்தா பெரிசு. 160 மூணால வகுபடாது, ஸ்பேஸ், கமா மட்டும் ஒரு பைட், அதனால எத்தனை ஸ்பேஸ் விழுதுங்கிறதை பொறுத்து சில தடவை சுத்தமா வெட்டும், பல தடவை ஒரு எழுத்தோட நடு பைட்ல வெட்டும், அப்பதான் உங்க டைமண்ட். அந்த பைப்பை தூக்கிட்டு பைத்தான் உள்ளயே வெட்டுங்க. அங்கயும் நேரா 160-னு வெட்டினா "கி" வர்ற இடத்துல "க"ன்னு நிக்கலாம், அதனால கடைசி ஸ்பேஸ் வரைக்கும் பின்னாடி வந்து வெட்டுங்க.

பழைய_பெங்குவின்:
டோக்கன் நடுவுல அறுந்தாலும் டைமண்ட் வரும். பொதுவா நான் சொன்னது தப்பில்ல.

வால்நட்சத்திரம்:
ஹெட்டுக்கு பதிலா கேஆக்ங்கிற கமாண்டை போட்டு எழுத்தா எண்ணலாம்னு போயிடாதீங்க ப்ரோ, நாளைக்கு க்ரான்ல போட்டு அது சி லொகேல்ல ஓடினா அதுவும் பைட்டைத்தான் எண்ணும். லாங் போடுங்கன்னு சொன்னேன்ல.

நடுநிசி_நாரை:
பைப்பை எடுத்தாச்சு, முழுசா வருது. நன்றி குறுக்குக்கோடு. பழைய போஸ்ட்ல எதெல்லாம் உடைஞ்சிருக்குன்னு எப்படி தேடுறது? டைமண்டை காப்பி பண்ணி, ஃபைலுக்குள்ள தேடுற கிரெப்ல போட்டா ஒண்ணும் மாட்டல.

குறுக்குக்கோடு:
மாட்டாது, ஃபைல்ல டைமண்டே கிடையாது, அரைகுறை பைட்தான் இருக்கு, டைமண்ட் திரையில காட்டுறப்ப வர்றது. யூடிஎஃப்-8 லொகேல்ல கிரெப்புக்கு ஏ, எக்ஸ், வி மூணு ஆப்ஷனும் குடுத்து, பேட்டர்னா சிங்கிள் கோட்ஸுக்குள்ள ஒரு புள்ளி ஒரு நட்சத்திரம் போடுங்க, உடைஞ்ச வரி மட்டும் வரும். சுத்தமா வெட்டுப்பட்டு பாதி வார்த்தையோட நிக்கிறதை இது பிடிக்காது, அதை கண்ணால பாத்துதான் எடுக்கணும்.

கயல்விழி_2:
கண்ணால பாக்குறப்பவே ஆல்ட்டையும் தனியா எழுதிடுங்க.