பார்டர்லைன் சினைப்பைக் கட்டிக்குக் கீமோ ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

கேள்வி (பட்டர்வொர்த்):
வணக்கம். 31 வயதான என் தங்கைக்கு, இடது சினைப்பையில் இருந்த 18 சென்டிமீட்டர் கட்டியை அந்தச் சினைப்பையோடு சேர்த்து அகற்றி ஐந்து வாரம் ஆகிறது. அறுவையின்போதே ஃபுரோசன் செக்‌ஷன் பார்த்துச் சாதாரணக் கட்டி என்றவர்கள், மூன்று வாரம் கழித்து 'மியூசினஸ் பார்டர்லைன் கட்டி', அதாவது சளி போன்ற திரவம் நிறைந்த, சாதாரணக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்ட கட்டி என்று அறிக்கை தந்தார்கள். கீமோ தேவையில்லை, ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்தால் போதும் என்கிறார்கள். பாதிப் புற்றுநோய்க்குப் பாதி மருந்தாவது வேண்டாமா என்று அம்மா கேட்கிறார். அவளுக்குத் திருமணமும் நிச்சயமாகியிருக்கிறது.

பதில் 1 (கோலாலம்பூர், ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்):
சகோதரி, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே ஒன்றிரண்டு துண்டுகளை உறைய வைத்துச் சீவி, அரைமணி நேரத்திற்குள் சொல்லும் முடிவுதான் ஃபுரோசன் செக்‌ஷன். மியூசினஸ் கட்டியை வெட்டினால் வெண்டைக்காய்க் கொழகொழப்போடு அறை அறையாக இருக்கும். ஓர் அறை சாதுவாக இருக்க, அடுத்த அறையில் பார்டர்லைன் ஒளிந்திருக்கலாம். பிறகு ஃபார்மலினில் ஊறவைத்து, சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது எடுத்துப் பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும். ஆகவே முதல் முடிவு மாறியதை யாருடைய பிழையென்றும் கொள்ள வேண்டாம்.

'பாதிப் புற்றுநோய்' என்ற பேச்சையும் விட்டுவிடச் சொல்லுங்கள். இதில் செல்கள் இயல்புக்கு மாறாகப் பெருகியிருக்கும். ஆனால் அடியிலுள்ள திசுவைத் துளைத்து உள்ளே போயிருக்கமாட்டா. நிதானமாகப் பெருகும் இத்தகைய செல்களிடம் கீமோ பெரிதாக எடுபடுவதில்லை. அகற்றுவதுதான் சிகிச்சை.

பதில் 2 (ஜார்ஜ்டவுன்):
எனக்கு 2011இல், 29 வயதில் சீரஸ் வகைப் (நீர்த்த திரவம் உள்ள) பார்டர்லைன் கட்டி வந்தது. ஒரு சினைப்பையை எடுத்தார்கள், மற்றதை வைத்துக்கொண்டே பிள்ளை பெற்றேன். கட்டியை மட்டும் உரித்தெடுத்தால் மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதல். சினைப்பையோடு எடுத்தது நல்லதே. சினைப்பைக்கு வெளியே பரவாதிருந்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 95 விழுக்காட்டுக்கு மேல். ஆனாலும் பத்தாண்டு கழித்துத் திரும்பிய நேர்வுகளும் உண்டு என்பதால், திருமண ஆரவாரத்தில் ஸ்கேனைத் தவறவிட வேண்டாம். சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனை அளவு சற்று ஏறினால் பதறவும் வேண்டாம், மாதவிடாயின்போதுகூட அது ஏறும். இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: கட்டியின் உறை கிழிந்ததா, குடல்வாலைப் பார்த்தார்களா? மியூசினஸ் கட்டி சிலருக்குக் குடல்வாலிலிருந்து வந்ததாகவும் இருக்கும். எனக்கு இதையெல்லாம் எவரும் சொல்லவில்லை, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். உறை கிழியவில்லை என்று இருக்கிறது. குடல்வாலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. புதன்கிழமை அதைத்தான் முதலில் கேட்கப் போகிறோம்.