லிவியாட்டன்: எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூதாதையா, பங்காளியா?

கேள்வி

பெரு நாட்டுப் பாலைவனத்தில் 2008-இல் கண்டெடுக்கப்பட்ட லிவியாட்டன் என்னும் அழிந்துபோன திமிங்கிலம், இன்றைய எண்ணெய்த் திமிங்கிலத்தின் உறவு என்று வாசித்தேன். லிவியாட்டனுக்கு மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் பெரும் பற்கள் இருந்திருக்கின்றன; மிகப் பெரியது 36 சென்டிமீட்டர் நீளமாம். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கோ கீழ்த்தாடைப் பற்கள் மட்டுமே வெளியே தெரிகின்றன. பல்லை வைத்துப் பார்த்தால் ஓர்க்காவோடு (கொலைகாரத் திமிங்கிலம்) அல்லவா சேர்க்கத் தோன்றுகிறது?

பதில் 1

பல் உணவைக் காட்டுமே தவிர, உறவை எப்போதும் காட்டும் என்றில்லை. ஓர்க்கா டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய இரையைக் கடித்துக் கிழிக்கும் வாழ்க்கைமுறைதான் இரண்டுக்கும் பொது.

உறவைச் சொல்வது மண்டையோடு. ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள லிவியாட்டனின் மண்டையோட்டின் மேற்புறத்தில் அகன்ற பள்ளம் ஒன்று இருக்கிறது. எண்ணெய்த் திமிங்கிலத்திலும், அதன் சிற்றுருவ உறவுகளான கோகியா இனங்கள் இரண்டிலும், மெழுகு போன்ற எண்ணெய் நிறைந்த உறுப்பு இத்தகைய பள்ளத்தின்மேல்தான் அமர்ந்திருக்கிறது. ஆனாலும், ஏறத்தாழ 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லிவியாட்டனை இவற்றின் மூதாதையாகக் கொள்ள முடியாது. பொதுவான முன்னோரிடமிருந்து பிரிந்து, வாரிசின்றி முடிந்துபோன கிளை அது. பங்காளி என்பதே பொருத்தம்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தக் குலத்தில் இரு தாடைப் பற்கள்தாம் பழைய நிலை. அந்த நிலையை இழந்தது எண்ணெய்த் திமிங்கிலமே. அது ஆழ்கடலில் கணவாய்களை வாய்க்குள் உறிஞ்சி விழுங்குவதாகக் கருதப்படுகிறது. தாடை கோணலாகிப்போன திமிங்கிலங்கள்கூட நன்கு உண்டு கொழுத்த நிலையில் பிடிபட்டிருக்கின்றன என்பதால், பல் அதற்கு இரைபிடிக்க இன்றியமையாததன்று. மேல்தாடைப் பற்கள் பெரும்பாலும் ஈறுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. லிவியாட்டன் 17 மீட்டர் நீளம் இருந்ததாகச் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு எப்படி வந்தது? உடல் எலும்புகளும் கிடைத்தனவா?

பதில் 1

இல்லை. 2010-இல் அதற்குப் பெயர் சூட்டியபோது கையில் இருந்தவை மண்டையோடும் தாடையும் பற்களும்தாம். எண்ணெய்த் திமிங்கிலத்தின் உடல் விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் 16 முதல் 17.5 மீட்டர் வரை வருகிறது. ஜைகோஃபைசீட்டர் என்னும் மற்றொரு அழிந்த உறவின் விகிதத்தைக் கொண்டால் 13.5 மீட்டர்தான். பெரிய கணக்கையே எல்லோரும் மேற்கோள் காட்டுவது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.