போன 2 மார்க்கும் ஒரு கொடிக்கயிறும்

நான்: பெரியப்பா, அலைகள் பாடத்தில் 2 மார்க் போய்விட்டது. "கயிற்றில் ஓடும் அலையின் அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் வேகம் என்ன ஆகும்?" நான் இரண்டு மடங்கு ஆகும் என்று எழுதினேன். வேகம் = அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை அலை) × அலைநீளம் (ஓர் அலையின் நீளம்). சரிதானே?

அண்ணன்: போச்சு. நானும் விழுந்த அதே குழி 😂

அப்பா: சூத்திரப்படி அப்படித்தானே வருகிறது?

பெரியப்பா: சூத்திரம் சரி, விடை தப்பு. அலைநீளம் மாறாது என்று உனக்கு யாரம்மா சொன்னது?

நான்: யாரும் சொல்லவில்லை 🙈

பெரியப்பா: வீட்டில் வேண்டாத கயிறு கிடந்தால் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டு. நடுவில் ஒரு துணி கிளிப் மாட்டு. மறுநுனியைப் பிடித்து ஒரே ஒரு உதறு. கிளிப்பை மட்டும் பார்.

நான்: [வீடியோ]
நான்: மேடு ஜன்னல் வரை ஓடுகிறது. கிளிப் மட்டும் அதே இடத்தில் மேலே போய்க் கீழே வந்தது.

பெரியப்பா: அதுதான் அலை. கயிறு எங்கும் போகவில்லை, நீ கொடுத்த ஆற்றல்தான் போனது. ஓட்டத்துக்குக் குறுக்கே கிளிப் ஆடியதால் இது குறுக்கலை. ஒலி போகும்போது காற்று அதே திசையில் முன்னும் பின்னும் ஆடும், அது நெட்டலை.

நான்: இன்னொன்று. போகும்போது மேடு, திரும்பி வரும்போது பள்ளம்! கட்டியதில் ஏதாவது கோளாறா?

பெரியப்பா: அட, அதைக் கவனித்துவிட்டாயா! கோளாறெல்லாம் இல்லை. மேடு வந்து சேர்ந்ததும் கயிறு கம்பியை மேலே இழுக்கிறது. கம்பி அசையாது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அது கயிற்றைக் கீழே இழுக்கிறது. அந்த இழுப்புதான் பள்ளமாகத் திரும்பி ஓடி வருகிறது. நான் பாடம் நடத்திய காலத்தில் வகுப்புக்கு ஒருவர் கேட்டால் அதிசயம்.

அம்மா: மாமா, அவளை ரொம்பப் புகழாதீர்கள். 2 மார்க்கை மறந்துவிடப் போகிறாள்.

பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன். மேடு போய்த் திரும்பும் நேரத்தை வீடியோவில் பார். முதலில் மெதுவாக, அப்புறம் வெடுக்கென்று உதறு.

நான்: கயிறு 4 மீட்டர். போய்வர 8 மீட்டர். மெதுவாக உதறினாலும் 1 விநாடி, வெடுக்கென்று உதறினாலும் 1 விநாடி. ஆனால் வெடுக்கென்று உதறிய மேடு குட்டையாக, நெருக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

பெரியப்பா: ஆக வேகம் 8 மீட்டர்/விநாடி, இரண்டு தடவையும். அதிர்வெண் உன் கையில். வேகம் கயிற்றின் கையில். அலைநீளம் பாவம், இரண்டுக்கும் நடுவில் அனுசரித்துப் போகும். அதிர்வெண் இரு மடங்கானால் அது பாதியாகும்.

அத்தை: அண்ணா, நான் ஒன்று சொல்லட்டுமா? அதிர்வெண் கூடினால் வேகமும் கூடும் என்றால், தூரத்தில் நின்று பாட்டுக் கேட்கும்போது அதிர்வெண் கூடிய புல்லாங்குழல் முதலில் வந்து, மிருதங்கம் பின்னால் ஓடி வர வேண்டுமே?

பெரியப்பா: இதை வகுப்பிலேயே சொல்லியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. 20 டிகிரி காற்றில் கீழ் ஸ்தாயியோ மேல் ஸ்தாயியோ, எல்லாம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர்தான்.

அம்மா: அப்போது நான் கத்திக் கூப்பிட்டால் சீக்கிரம் கேட்குமா?

பெரியப்பா: கேட்காதம்மா. கத்தினால் வீச்சுதான் கூடும். சத்தம் பெரிதாகும், வந்து சேரும் நேரம் அதேதான்.

அம்மா: இங்கே நாலு தடவை கத்தினாலும் யாரிடமும் வந்து சேர்வதில்லை.

அப்பா: 🙏

நான்: சரி, வேகத்தை மாற்றவே முடியாதா?

அண்ணன்: கயிற்றை இழுத்துக் கட்டிப் பார்.

நான்: 0.8 விநாடி! 8 ÷ 0.8 = 10 மீட்டர்/விநாடி.

பெரியப்பா: ம். விறைப்பு கூடினால் வேகம் கூடும். ஊடகம், அதாவது அலை ஓடும் பொருள், மாறினாலும் வேகம் மாறும். காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகிற ஒலி நாலு மடங்குக்கு மேல் வேகமெடுக்கும், விநாடிக்கு சுமார் 1480 மீட்டர். அங்கே அதிர்வெண் மாறாது, அலைநீளம் நீளும். அடுத்த தேர்வில் இதைத்தான் கேட்பார்கள், பார்.

பாட்டி: [வாய்ஸ் மெசேஜ்]

அப்பா: அம்மா என்ன சொல்கிறார்கள்? இங்கே சரியாகக் கேட்கவில்லை.

அண்ணன்: ஈரத்துணி வாளியோடு நிற்கிறார்களாம். கொடிக்கயிற்றைக் காணோமாம்.